முற்றத்துக் கோழியும் முட்டையின் நிறமும்

கடைக்குச் செல்லும் நம்மவர் பலர் வெள்ளை முட்டையை ஒதுக்கிவிட்டுப் பழுப்பு முட்டையைத் தேடுகின்றனர். பழுப்பு முட்டையே நாட்டு முட்டை, அதுவே சத்துள்ளது என்பது அவர்கள் துணிபு. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, கொல்லையிலிருந்து நான் எடுத்து வந்த கூடையை எட்டிப் பார்த்தாள். அதில் மூவகை நிறங்கள் இருந்தன: சுண்ணாம்பு வெள்ளை, செம்பழுப்பு, இரண்டிற்கும் இடைப்பட்ட சந்தன நிறம். "தாத்தா, இவற்றில் எது நல்ல முட்டை?" என்று வினவினாள்.

ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. எங்கள் குடும்பம் நாயுடுபேட்டைக்கு வந்த வரலாறும், யான் செய்த பிழை ஒன்றும் அவ்விடையில் அடங்கியிருக்கின்றன. நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்கள் இலக்கியத்தை எதிர்பார்த்திருக்கலாம். கோழியைப் பற்றி எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். பட்டினப்பாலையில், உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியின்மேல் தன் காதணியைக் கழற்றி எறிந்த பெண்ணைப் புலவர் பாடவில்லையா? கோழி இலக்கியத்திற்குப் புறம்பானதன்று.

1968ஆம் ஆண்டு. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூரின் அரிசி ஆலை ஒன்றில் என் தந்தையாருக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மதுராந்தகத்தை அடுத்த சிற்றூரிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து கூடூர் செல்லும் வண்டியில் புறப்பட்டோம். என் அன்னையாரின் மடியில் ஓர் ஓலைக் கூடை இருந்தது. அதனுள்ளே ஒரு சிறுவிடைப் பெட்டையும் ஓர் இளஞ்சேவலும் இருந்தன. "பாத்திரம் பண்டமே போதாதா? கோழியும் வேண்டுமா?" என்று தந்தையார் கடிந்துகொண்டார். "போகிற இடத்தில் யாரிடம் போய் முட்டை கேட்பேன்? எனக்கு அந்த ஊர்ப் பேச்சும் தெரியாதே" என்றார் அன்னையார். அன்று நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. நாங்கள் வீடு மாறவில்லை, மாவட்டந்தான் மாறியது.

சிறுவிடையின் இயல்பை யான் அறிந்தது அப்பெட்டையிடமே. உருவிற் சிறியது, கைக்கு எட்டாது. பருந்தின் நிழல் தரையில் விழுமுன்னரே குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒடுக்கிவிடும். இரவில் கூட்டை விட முருங்கைக் கிளையையே விரும்பும். ஓராண்டில் அறுபது, எழுபது முட்டைகளுக்கு மேல் இட்டதில்லை. ஆனால் அடையில் அமர்ந்துவிட்டாலோ இருபத்தொரு நாளும் அதன் தவத்தைக் கலைக்க ஒருவராலும் இயலாது. நாளுக்கு ஒரு முறை எழுந்து, இரை கொத்தி, நீர் அருந்தி, விரைந்து மீளும்.

பின்னாளில் எங்கள் முற்றத்திற்கு வேறு பல இனங்களும் வந்தன. வெள்ளை லெகார்ன் இத்தாலிய வழியினது. இடும் முட்டை தூய வெண்மை. ஓராண்டில் இருநூற்றைம்பதைத் தாண்டும். எனினும் அது மருண்ட இயல்பினது. கதவு ஓசைக்கே சுவர் ஏறிவிடும். அமெரிக்க நாட்டு ரோட் ஐலண்டுச் செங்கோழி நேர்மாறானது. நிதானமாக நடக்கும், குழந்தைகள் தூக்கினாலும் பொறுக்கும், முட்டை செம்பழுப்பு. ஐதராபாத்து இராஜேந்திரநகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தார், புறக்கடை வளர்ப்பிற்கென்றே வனராஜா, கிராமப்பிரியா என்னும் இரண்டினை உருவாக்கினர். இரண்டும் இடுவது பழுப்பு முட்டையே. வனராஜா உடல் கனத்தது, சாதுவானது. அச்சாதுத்தன்மையே நாய்க்கு அதனை எளிய இரையாக்குகிறது. கிராமப்பிரியா உடல் இலேசானது, சுறுசுறுப்பானது. முட்டை எண்ணிக்கையில் நாட்டுக்கோழியை மும்மடங்கு விஞ்சும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் தோலும் தசையும் கருமையானது. ஆயினும் அதன் முட்டை கருமையன்று, வெளிர் நிறமே. ஜாபுவாக் கடக்நாத்தின் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிட்டியது.

ஆந்திர மண்ணில் பெயர்பெற்றது அசில். சங்கராந்தி வந்தால் இதன் பெயரே எங்கும் பேச்சு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சேவற்போரை விலக்கியிருந்தும் அவ்வாசை மக்களிடம் தணிந்தபாடில்லை. உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பழம்பெயர் உண்டு. யானையைக் கோழி பொருது வென்ற இடம் என்பர். அக்கோழி அசிலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என எண்ணத் தோன்றும்! தன் இனத்தைக் கண்டால் சினக்கும் அசில், மனிதரிடம் மிக அடங்கி நடக்கும். முட்டை குறைவு, ஆனால் தாய்மையிற் சிறிதும் குறைவில்லை.

இனி நிறத்தின் மெய்ம்மைக்கு வருவோம். ஓடு உருவாக ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகிறது. பழுப்பு நிறம் பெரிதும் இறுதிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுவது. அதனால்தான் பழுப்பு முட்டையை உடைத்து உட்புறம் நோக்கின் வெளுத்துக் காண்கிறது. தென்னமெரிக்கச் சிலி நாட்டு அரௌக்கானாக் கோழியின் நீல முட்டையிலோ, நிறம் ஓடு முழுதும் ஊடுருவியிருக்கும். பண்டொரு காலத்தில் கோழியின் மரபணுவினுள் புகுந்து தங்கிவிட்ட வைரசு ஒன்றே அந்நீலத்திற்குக் காரணம் என 2013இல் ஆய்வாளர் கண்டனர். அயலாய் வந்தது நிறமாய் நிலைத்துவிட்டது! காதுமடல் வெண்மையாயின் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பாயின் பெரும்பாலும் பழுப்பு என்று சந்தையில் கணிப்பதுண்டு, விலக்குகளும் உள. எந்நிறமாயினும் நிறத்தால் சத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மஞ்சட்கருவின் அழுத்தமான நிறமும் தீனியைப் பொறுத்ததே. கீரையும் மக்காச்சோளமும் தின்ற கோழிக்கு அது சிவந்திருக்கும்.

ஆகவே இனங்களின் மெய்யான வேற்றுமை நிறத்தில் இல்லை, குணத்திலேதான் இருக்கிறது. அதிலும் தலையாயது அடைகாக்கும் குணம். அடையில் அமரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் மிகுதியான முட்டையை நாடிய மனிதர், அமராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். லெகார்ன் தன் முட்டையைத் திரும்பியும் பாராது. கிராமப்பிரியாவும் ஏறத்தாழ அவ்வாறே. எண்ணிக்கையைப் பெற்றோம், தாய்மையை விலையாகக் கொடுத்தோம்.

இதனை யான் பட்டே உணர்ந்தேன். அன்னையார் 2009இல் மறைந்தார். அவர் கொணர்ந்த பெட்டையின் வழிவந்த கோழிகள் அப்போதும் முற்றத்தில் இருந்தன. பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு எண்ணிக்கை ஆசை பிறந்தது. 2016இல் கிராமப்பிரியா வாங்கினேன். இடம் போதாமையால் சிறுவிடைகளைக் குறைத்து, ஐந்தே நிறுத்திக்கொண்டேன். மறு ஆண்டுக் கோடையில் வாரச் சந்தையொன்றில் விலை மலிவாகக் கிடைத்த நான்கு விடைக்கோழிகளைத் தனியே வைத்துப் பாராமல், நேரே மந்தையில் விட்டேன். முதல் வாரத்தில் கண்ணில் விடும் லசோட்டாச் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்திற்குமேல் இறக்கையடியில் போடும் ஊசியும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்கும் என்பதை அறிந்தே இருந்தேன். நாளை, நாளை என்று தள்ளியிருந்தேன். எட்டு நாளில் முற்றம் காலியாயிற்று. இறுதியாகச் சாய்ந்தது முருங்கைக் கிளையில் உறங்கும் சிறுவிடைப் பெட்டை. குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டு மூடுகையில், அன்னையாரின் ஓலைக் கூடையை என் கையாலேயே புதைப்பதுபோல் இருந்தது. ஐம்பதாண்டு வந்த வழி என் சோம்பலால் அற்றது. இதனை வீட்டாரிடமும் யான் வாய்விட்டுக் கூறியதில்லை.

மூன்று திங்கள் முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு மாலை, மூன்றாம் தெருவில் வாழும் தெலுங்கு மூதாட்டியார் ஒருவர் வீட்டிற்கு வந்தார். "அண்ணையா, உங்கள் வீட்டில் சேவல் கூவக் காணோமே, ஏன்?" என்றார். நிகழ்ந்ததைக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "எங்கள் அரவ கோடி இருக்கிறதே, வந்து பாருங்கள்" என்றார்.

தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பர். நம் கோழி அவர் நாவில் 'கோடி'யாகும். அரவ கோடியாவது தமிழ்க் கோழி. சென்று பார்த்தேன். எரு மேட்டின் ஓரத்தில், கைக்கு எட்டாத சிறு பெட்டையொன்று ஏழு குஞ்சுகளுடன் கிளறிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகட்கு முன், அவர் மகளின் பேறுகாலத்தில், என் அன்னையார் ஒரு பெட்டையையும் சேவலையும் கொடுத்தாராம். பெயரறியாத அவ்வீட்டார் 'அரவ கோடி' என்றே அழைத்து, வழி கலவாது காத்து வந்திருக்கின்றனர். எங்கள் முற்றத்தில் அற்றுப்போனது, கொடுத்த இடத்தில் வாழ்ந்திருந்தது.

பன்னிரண்டு முட்டை தந்தார். அடை வைக்க என்னிடம் கோழி ஏது? அடைக்கு ஆயத்தமாயிருந்த ஒரு பெட்டையையும் உடன் அனுப்பினார். இருபத்தொன்றாம் நாள் ஒன்பது பொரிந்தன, மூன்று கூமுட்டை. முதல் வாரமே சொட்டு மருந்து விட்டேன். பெட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, வளர்ந்த பின் தருவதாக இரு குஞ்சுகளையும் அவருக்கென நேர்ந்துவிட்டு வந்தேன். இன்று பேத்தியின் கூடையில் இருந்த சந்தன நிற முட்டை அவ்வழியினது.

முற்றத்தில் கோழி வளர்க்க விழையும் நம் குடும்பத்தார்க்கு என் கருத்து இதுவே. முட்டைக்கு நான்கு கிராமப்பிரியா வளருங்கள். குழந்தைகள் தூக்கி விளையாட ஒரு செங்கோழி இருக்கட்டும். அடைக்கும் காவலுக்கும் இரண்டு சிறுவிடையேனும் வேண்டும். மருந்தை நாளைக்கென்று தள்ளாதீர்கள். புதிய கோழியை மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பாருங்கள். நல்ல வழி ஒன்று கிட்டினால் அதில் ஓர் இணையை அண்டை வீட்டிற்குக் கொடுத்து வையுங்கள்.

"எது நல்ல முட்டை?" என்று கேட்டவளுக்குச் சந்தன நிற முட்டைகள் ஆறினை வைக்கோலில் பொதிந்து கொடுத்தேன். "சமைக்கவா, தாத்தா?" என்றாள். "இல்லையம்மா. உன் ஊரில் அடைக்கோழி உள்ள வீடு எதுவென்று முதலில் விசாரி" என்றேன்.