அமிர்தியில் ஒரு நோட்டுப் புத்தகம்

அமிர்தி என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புளியோதரை வாசனைதான் முதலில் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அமிர்திக்குப் போவதுதான். நானும் ஒன்பதாவது படிக்கும்போது போனேன். முப்பது வருஷம் கழித்து, போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இந்தத் தடவை என் பையில் புளியோதரைத் தூக்கோடு, நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒன்பது பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன், பக்கத்து வீட்டுப் பெண் ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது, "ஒரு மாசம் மட்டும் பார்த்துக்குங்க அக்கா" என்று ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை! ஒன்று மூன்றாயிற்று, மூன்று ஒன்பதாயிற்று. தாய்மார்களில் கம்பெனியில் தைக்கிறவர்கள் உண்டு, நர்ஸ் ஒருத்தி உண்டு. வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று அவளைக் கேட்கிறவர்கள், கையில் ஊசியும் நூலும், பக்கத்தில் தவழும் பிள்ளையுமாக ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இத்தனை வருஷமும் எல்லாம் வாய்ச்சொல்தான். போன ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மூன்று வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துப்போக அவள் சித்தப்பா வந்தார். குழந்தை "சித்தப்பா!" என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. நானும் தலை சீவி, பொட்டு வைத்து அனுப்பினேன். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வார்த்தை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆறரை மணிக்குத் தாய் வந்து, "பாப்பா எங்கே அக்கா?" என்று கேட்டபோது அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, அடுத்த ஊரில் அத்தை வீட்டில் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். ஐஸ்கிரீம் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாம். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் கடைக்குப் போய் அந்த நீல அட்டை நோட்டை வாங்கினேன்.

என் கணவர் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. "நான் எழுதித் தருகிறேன்" என்று உட்கார்ந்தார். "முதல் பார்ட்டியாகிய நான் இரண்டாம் பார்ட்டிக்கு இதன் மூலம் உறுதி கூறுவது யாதெனில்..." என்று ஆரம்பித்துவிட்டார். தாய்மார்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருத்தி, "பிள்ளையை விட்டுட்டுப் போறமா, நிலத்தைக் கிரயம் பண்றமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவே இரண்டு மூன்று முகங்கள் வாடியதையும் கவனித்தேன். "எங்களை நம்பலையா அக்கா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் அவசரத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியுமா? சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எங்கேயாவது போய், உட்கார்ந்து, நம் பேச்சிலேயே எழுதுவோம் என்று முடிவாயிற்று. இடத்தைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்: மான் பார்க்க வேண்டும்!

வேன் ஒன்று பேசி விடியற்காலையில் கிளம்பினோம். பள்ளிகொண்டா தாண்டி வேலூர். அங்கிருந்து ஆரணி சாலையில் பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி. கணியம்பாடியில் திரும்பியதும் ஜவ்வாது மலை எதிரே வந்து நிற்கிறது. வேலூரிலிருந்து அமிர்தி சுமார் 25 கி.மீ.தான். ஆனாலும் கடைசிப் பகுதியில் காற்றே வேறாகிவிடுகிறது. தோல் பதனிடும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் காற்றின் அருமை நன்றாகத் தெரியும்!

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. அமிர்திக் காட்டில் பிறக்கும் நாகநதி பல வருஷம் வறண்டு கிடந்தது. 2014-லிருந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், நூறு நாள் வேலையில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளையும் தடுப்புகளையும் கட்டினார்கள். வேனில் வரும்போது இதைச் சொன்னேன். "அவங்க பிள்ளைங்களை யாரு பார்த்துக்கினாங்க?" என்று சட்டென்று கேட்டாள் ஒருத்தி. பாருங்கள், பெண்பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அந்த வேலைக்கான 2005-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வரி இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும்; அவளுக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று காகிதத்தில் ஒப்புக்கொண்ட அந்த வரியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தொழிற்சாலைகளுக்கு இது இன்னும் பழைய கதை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த 50, 30 ஆயிற்று. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, ஆணும் பெண்ணுமாக 50 பேர் வேலை செய்தாலே காப்பகம், தாய் தினம் நாலு தரம் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். அப்படியானால் என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று கேட்பீர்கள். இருட்டோடு வரும் பஸ்ஸில் கைக்குழந்தையோடு நெருக்கியடித்துப் போக முடியாதவர்கள், பத்துப் பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன ஷெட்டில் இருப்பவர்கள், வீட்டில் தைப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் என்னைப் போன்ற வீடுதான். எங்களுக்குள் இருப்பதை எந்தச் சட்டமும் எழுதித் தரவில்லை. நாங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அமிர்திப் பூங்கா 1967-ல் வனத்துறை அமைத்தது. சின்னதுதான்; வண்டலூர் மாதிரி நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். கைக்குழந்தைக்காரிகளுக்கு அதுவே சௌகரியம். பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று அழுவதற்குள் மான், மயில், முதலை எல்லாம் பார்த்தாகிவிடும். பொட்டு வைத்தாற்போன்ற புள்ளிமான்களைப் பார்த்து, இரண்டு வயதுப் பையன் ஒருவன் "மே... மே..." என்று ஆட்டைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டான். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குடிதண்ணீர் கொதிக்கவைத்துக் கையோடு கொண்டுபோங்கள். குரங்குக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அருவிக்குக் காட்டுப் பாதையில் நடந்து போக வேண்டும், மழைக்குப் பிறகுதான் தண்ணீர் இருக்கும், பாறை வழுக்கும்.

அருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதா என்பதில்தான் எங்கள் எழுத்து வேலையே ஆரம்பித்தது. ஆண்கள் போகலாம் என்றார்கள். பெண்கள் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பெரிய பிள்ளைகள் மூன்று பேர் அவரவர் அப்பாவோடு போனார்கள். நாங்கள் மர நிழலில் ஜமுக்காளத்தை விரித்தோம். "வீட்டு வாசலைத் தாண்டி எங்கே கூட்டிப்போவதானாலும் முதல் நாளே சொல்லி, தாயின் கையெழுத்து வாங்க வேண்டும். தண்ணீர் உள்ள இடத்துக்குப் பெற்றவர் கூட வராமல் இல்லை" என்று அங்கேயே ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

முதல் பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது. பிள்ளையை அழைத்துப்போகலாம் என்று மூன்று பேர் பெயர், போட்டோ, போன் நம்பர். நாலாவது ஆள் யாராக இருந்தாலும், பிள்ளையே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும், தாய்க்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்புவதில்லை. இதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று வயதுக்காரியின் அம்மா மட்டும் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

காய்ச்சல் பக்கத்துக்குத்தான் சண்டை. 100.4 டிகிரிக்கு மேல் போனால் கூப்பிடுவேன், வந்து அழைத்துப்போக வேண்டும். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் திரும்ப விடலாம் என்று எழுதியிருந்தேன். "லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்களே அக்கா" என்றார்கள். நியாயம்தான். ஆனால் மற்ற எட்டுப் பிள்ளைகள்? நர்ஸ் பெண் ஒரு வழி சொன்னாள்: காய்ச்சல் நாளுக்குப் பாட்டியோ அத்தையோ யார் வருவார்கள் என்று ஒவ்வொரு தாயும் முன்கூட்டியே ஒரு பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மருந்தென்றால் சீட்டில் பெயர், அளவு, நேரம் எழுதித் தந்தால்தான் கொடுப்பேன், என் இஷ்டத்துக்கு ஒரு சொட்டும் கிடையாது. தடுப்பூசி அட்டையின் நகல் ஒன்று நோட்டில் ஒட்டியிருக்கும். பீய்ச்சி வைக்கும் தாய்ப்பாலில் தேதியும் நேரமும் எழுதி வர வேண்டும். ஆம்பூர் வெயிலுக்கு வெளியே வைத்த பாலை நம்ப முடியாது, வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

சாப்பாட்டில் எங்களுக்குள் தகராறே இல்லை. ஒரே கூடத்தில் முட்டை தொடாத பிள்ளையும் இருக்கிறது, ஹலால் இல்லாமல் சாப்பிடாத பிள்ளையும் இருக்கிறது. அதனால் நான் சமைப்பது பருப்பும் காயும்தான். மற்றது அவரவர் டப்பாவில். டப்பா மாறக் கூடாது, அவ்வளவுதான். பணம் மாதம் பத்தாம் தேதிக்குள், கம்பெனியில் சம்பளம் போட்ட பிறகு. ஓவர்டைம் என்றால் ஐந்து மணிக்குள் போன். எனக்கும் காய்ச்சல் வரும் என்பதை யாருமே யோசித்ததில்லை, நான் உள்பட! அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.

எல்லாம் படித்து முடித்துப் பேனாவை நீட்டினேன். அதுவரை பேசாமலிருந்த ஒரு பெண், வீட்டில் உருது பேசுகிறவள், ஸ்டிச்சிங்கில் வேலை, மெதுவாகச் சொன்னாள்: "நாங்க செய்ய வேண்டியதையே எழுதிக்கினு வந்துட்டீங்களே அக்கா. நீங்க செய்ய வேண்டியது?"

"நான்தான் எல்லாம் செய்கிறேனே" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"மே மாசம் என் பையன் ஊஞ்சல்ல இருந்து விழுந்தான். நீங்க சொல்லல. ராத்திரி குளிக்க வைக்கும்போது தலையில வீக்கம் பார்த்தேன்."

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. நிஜம். விழுந்தான், அழுதான், துணியில் ஐஸ் கட்டி வைத்தேன், பத்து நிமிஷத்தில் விளையாடப் போய்விட்டான். நாள் முழுக்க நின்று களைத்து வருகிறாள், எதற்குப் பயமுறுத்துவது என்று சொல்லாமல் விட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். தலையில் அடிபட்ட பிள்ளை ராத்திரி வாந்தி எடுக்கிறதா, எழுப்பினால் எழுந்திருக்கிறதா என்று தாய் பார்க்க வேண்டாமா? அவளுக்குத் தெரிந்தால்தானே பார்ப்பாள்! அன்றைக்கு அவள் ராத்திரி முழுக்க விழித்திருந்தாளாம். அதைக்கூட இத்தனை மாதம் என்னிடம் சொல்லவில்லை.

"ஏம்மா அப்பவே கேட்கலை?" என்றேன்.

"கேட்டா நீங்க பிள்ளையை வேணாம்னு சொல்லிட்டா? எனக்கு வேற யாரு இருக்காங்க?"

எனக்கும் அவளுக்கும் ஒரே பயம்.

நோட்டை அவளிடமே கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை அவள் சொல்லச் சொல்ல நர்ஸ் பெண் எழுதினாள். பிள்ளை விழுந்தாலும், கடிபட்டாலும், சாப்பிடாவிட்டாலும் அன்றைக்கே நேரத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். தலையில் அடியென்றால் உடனே போன். நிலைமை மோசமென்றால் முதலில் 108, அப்புறம் தாய். அடிக்கவோ இருட்டறையில் விடவோ கூடாது. தாய் எந்த நேரம் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும். சொன்னதற்காகவோ கேட்டதற்காகவோ பிள்ளையை நிறுத்தக் கூடாது. அதன் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. பிறகுதான் மற்றவர்கள் போட்டார்கள்.

அருவிக்குப் போனவர்கள் ஈரக் காலோடு திரும்பினார்கள். புளியோதரை காலியாயிற்று. தூக்கின் மூடியை மட்டும் ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது! என் கணவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "யாதெனில் ஒன்றுகூட இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நோட்டில் எழுதிய முதல் குறிப்பு அந்தப் பையனுடையதுதான்: "காலை 11.20. வலது முழங்காலில் சிராய்ப்பு. சோப்புப் போட்டுக் கழுவினேன். அழவில்லை." அவன் அம்மா படித்துவிட்டு, கீழே உருதுவில் கையெழுத்துப் போட்டாள்.