இடக்கையில் வெல்லம், வலக்கையில் வெள்ளம்

ள எழுத வலக்கை போதும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணாடியைத் தொட்டு எழ வேண்டும். இடக்கை சும்மா இருக்கும். ல என்றால் இடக்கை மூன்றும் தொடும், வலக்கை சும்மா இருக்கும். அந்த இடக்கை மூன்றோடு வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்தால் ழ. போனைக் குறுக்காகப் பிடித்து, திரையை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி, கட்டைவிரல்களால் ஓரத்தைத் தாங்கிக்கொண்டால் மற்ற விரல்கள் தாமாகவே மடங்கித் திரைமேல் வந்து உட்காரும். இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் 4, 5, 6. பிரெய்லின் ஆறு புள்ளிகளும் அவ்வளவுதான்.

காந்திபுரத்திலிருந்து சோமனூர் போகிற பஸ்ஸில் இப்படிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தால் பக்கத்தில் யாராவது கேட்பார்கள்: “ஏனுங்க, போன் கெட்டுப்போச்சுங்களா? திரையே எரியலீங்களே.” திரை வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் எழுதுவதை எல்லோரும் படித்துவிடக் கூடாதென்று அதை இருட்டாக்கிவைக்கிற வசதி உண்டு. அவர்களுக்குத் தெரிவது கருத்த கண்ணாடியும் அதன்மேல் தத்துகிற விரல்களும் மட்டுமே. நான் அந்த நேரம் வீட்டுக்கு ஆஸ்பத்திரி விஷயம் எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது கடன் விஷயம். முன்பெல்லாம் இதையே போனிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பஸ் முழுக்கக் கேட்கும்.

பழக வேண்டியது மோதிர விரல்தான். நடுவிரல் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். தனியாக அமுக்கச் சொன்னால் தயங்கும். எனக்கு அந்த விரல் முன்பே திருந்தியிருந்தது. பள்ளி விடுதியில் இருந்த பெர்கின்ஸ் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரம் திருத்தியது. உலோக உடம்பு, நாலரைக் கிலோவுக்கு மேல் எடை, ஆறு விசைகள், நடுவே இடம் விடும் பட்டை, வரி முடியப்போகிறது என்று சொல்ல ஒரு சின்ன மணி. அமெரிக்காவின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் அதை வடிவமைத்தார். உலகப் போர் குறுக்கே வந்ததால் 1951-இல்தான் விற்பனைக்கு வந்தது. வேலூர்ப் பக்கத்துக் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே அந்த இயந்திரத்தைச் செய்கிறது. விடுதியில் அது பெரிய பிள்ளைகளுக்கே முறை வைத்துக் கிடைக்கும். சின்னவர்களுக்கு ஸ்லேட்டும் ஸ்டைலஸும். தடித்த காகிதத்தைச் சட்டத்தில் இறுக்கி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். காகிதத்தைத் திருப்பினால்தான் எழுத்து நேராகும். ஒரு ழ-வுக்கு ஐந்து குத்து.

அதே 1951-ஐ நான் வேறொன்றுக்காகவும் நினைத்துக்கொள்வேன். அதுவரை இந்தியாவில் ஆளுக்கொரு பிரெய்ல் முறை இருந்தது. அந்த ஆண்டுதான் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. ஒலி ஒன்றென்றால் புள்ளியும் ஒன்று. ஆங்கிலத்தின் எல் எதுவோ அதுவே தமிழுக்கு ல, இந்திக்கும் அதுவே. ஆங்கிலத்தில் இல்லாத ள-வுக்கு 4, 5, 6 அமைந்தது. ல-வும் ள-வும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிரே நிற்பது யாராவது யோசித்துச் செய்ததா, தானாக அமைந்ததா, எப்படியானாலும் ஒரு தமிழாசிரியனுக்கு அதைவிடப் பெரிய கொடை வேண்டாம்.

விடுதியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் போட்டேன். பிரெய்ல் தபாலுக்கு நம் நாட்டில் தபால்தலை வேண்டாம். உறை ஒட்டாமல் அனுப்பினால் போதும். ஆனால் வீட்டில் யார் படிப்பது? அக்கா ஒரு விடுமுறையில் எழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே புள்ளிகளைப் படித்துப் பழகினாள். அதற்குப்பின் அம்மாவுக்கு என் கடிதங்களை அவள்தான் தறிக்குடோனில் நின்று வாசித்துக் காட்டுவாள். கத்தித்தான் வாசிக்க வேண்டும். விசைத்தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் ஏறாது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தும் கைச்சாடையிலும் பேசிக்கொள்வார்கள். எனக்கு இரண்டும் இல்லை. அம்மா என் உள்ளங்கையில் தட்டுவாள்: ஒரு தட்டு என்றால் சாப்பிட வா, இரண்டு என்றால் இங்கேயே உட்கார். அறுந்த இழையை அவள் முடிச்சுப் போடும்போது விரல் நுனிகள் இரண்டும் உரசுகிற அசைவை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உணர்ந்திருக்கிறேன்.

தறி ஓடுகிற ஊர்க்காரனுக்கு, குரலால் தட்டச்சு செய்யலாம் என்று பின்னாளில் வந்தவர்கள் சொன்னது பாதி உதவிதான். தறி நின்ற பிறகுதான் செய்தி அனுப்ப முடியும். தறி நின்றாலும், “நா நாளைக்கு வாரனுங்” என்று சொன்னால் அது என்னத்தையோ எழுதிவைக்கும். செய்தித்தாள் தமிழில் பேசினால் ஒழுங்காக எழுதும். அக்காவிடம் செய்தித்தாள் தமிழில் பேச எனக்கு வாய் வரவில்லை.

தொடுதிரை வந்த புதிதில் எங்களுக்கு இருந்தது பயம். திரையை வாசித்துச் சொல்லும் டாக்ஸ் மென்பொருள் போட்ட நோக்கியாவில் பொத்தான்கள் இருந்தன. 5-ன் மேல் ஒரு மேடு இருக்கும். திடீரென்று வழவழப்பான பலகையைக் கையில் கொடுத்து இதுதான் இனி போன் என்றால் என்ன செய்வது? 2009-இல் அதே வேலையைச் செய்ய ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தது, ஆண்ட்ராய்டில் டாக்பேக் வந்தது. அந்தச் சமயம் கூகுளில் இருந்த டி. வி. ராமன் செய்த ஒரு வேலையை நான் அடிக்கடி நினைப்பேன். புனேயில் பிறந்து பதினான்கு வயதில் பார்வை இழந்த கணினி அறிஞர் அவர். பார்க்காமலே எண்ணை அடிக்க அவர் குழு ஒரு வழி செய்தது: விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. மேலே நகர்த்தினால் 2, கீழே 8. விரல் பொத்தானைத் தேடிப் போக வேண்டாம். விரல் இருக்கிற இடத்துக்குப் பொத்தான் வந்துவிடும். பிரெய்ல் கீபோர்டும் இதே நியாயத்தில்தான் ஓடுகிறது. ஆறு விரலையும் திரையில் ஊன்றிக் காட்டினால், அவரவர் கை அளவுக்குப் புள்ளிகள் இடம் மாறிக்கொள்ளும்.

ஐபோனில் அது 2014-லேயே வந்துவிட்டது. ஐபோன் எங்கள் ஊர்ச் சம்பளத்துக்கு எட்டாது. கூகுள் டாக்பேக்கிலேயே பிரெய்ல் கீபோர்டைச் சேர்த்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கு காலம். தறிகள் நின்றுவிட்டன. சோமனூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதி பழக்கமில்லாதது. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. பள்ளிகள் பூட்டிக் கிடக்க பெர்கின்ஸ்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. திண்ணையில் உட்கார்ந்து போனைத் திருப்பிப் பிடித்துப் பழகினேன். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் இடம் விடும், இடப்பக்கம் தள்ளினால் ஓர் எழுத்து அழியும், இரண்டு விரலால் இடப்பக்கம் தள்ளினால் ஒரு சொல்லே போய்விடும். முதலில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. தமிழுக்கு நான் நம்பியது கேரளத்தில் உருவான அட்வான்ஸ்ட் பிரெய்ல் கீபோர்டை. டாக்பேக் புள்ளிகளை எழுத்தாக மாற்ற உதவுவது லிப்லூயி என்ற திறந்த மென்பொருள். லூயி பிரெய்லின் பெயர் அது. அதைத் தொடங்கிய ஜான் போயர் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவர். அதில் தமிழுக்கும் அட்டவணை இருக்கிறது. எழுதும்போது அவர் கைபட்ட இடத்தில் என் கையும் படுவதாக எனக்கு ஒரு நினைப்பு.

பிரெய்லில் எழுதும் தமிழுக்குத் தனி ஒழுங்கு உண்டு. கண்ணுள்ளவர்கள் கொ எழுதும்போது கொம்பை முன்னால் போட்டு, க-வை நடுவில் வைத்து, பின்னால் கால் போடுவார்கள். பிரெய்லில் க, அடுத்து ஒ. சொல்லுகிற வரிசையிலேயே எழுத்து வரும். மெய்யெழுத்துக்குத்தான் முறை மாறும். 4-ஆம் புள்ளி, அதாவது வலது சுட்டுவிரல், முதலில் தட்டி, இனி வருவது மெய் என்று அறிவித்துவிட வேண்டும். 247 எழுத்தும் இந்த ஆறு விரலுக்குள் அடங்கிவிடும். ஆறையும் சேர்த்து அமுக்க வேண்டிய எழுத்து தமிழில் இல்லை. ஐந்து வேண்டியவை ட, ய, ழ, ற. விலை குறைந்த சில போன்கள் அத்தனை விரலை ஒரே சமயத்தில் கண்டுகொள்ளாது. அவற்றில் தமிழ் என்று எழுதினால் ழ சிதறி வேறெதுவாகவோ விழும். பார்வையற்றோருக்கு அரசு இலவசமாகத் திறன்பேசி தருகிறது, நல்ல காரியம். தேர்ந்தெடுக்கிறவர்கள் ஒரு முறை ழ எழுதிப் பார்த்து வாங்க வேண்டும்.

கவுந்தப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான்: “சார், நாளைக்கு வெள்ளம் காய்ச்சறோம், வாங்க.” அவன் வீட்டில் கரும்பாலை. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் விளைந்த கரும்பு. பேசும்போது வெல்லத்தையும் வெள்ளத்தையும் அவன் தெளிவாகத்தான் சொல்வான். நாக்கில் குறை இல்லை. அவன் ஊர்ப் பள்ளியிலேயே மற்றப் பிள்ளைகளோடு படித்தவன். 1974-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்குப் பின் வந்த நல்ல மாற்றம் அது. வீட்டுச் சோறு தின்று, அம்மா பக்கத்தில் படுத்துப் படிக்கலாம். அதற்கான சிறப்பாசிரியர்களை உருவாக்கிய இடங்களில் முக்கியமானது அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய, பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா. ஆனால் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு அலைகிறவர். இவனுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். போன் பேசுகிறது, பிறகு பிரெய்ல் எதற்கு என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். கண்ணுள்ள குழந்தை நடந்து போகும்போதே பஸ் பலகை, மண்டி போர்டு, சுவர் விளம்பரம் எல்லாம் கண்ணில் பட்டுப் பட்டு வெல்லத்துக்கு எந்த ல என்று கற்றுவிடும், யாரும் சொல்லித்தராமலே. எங்களுக்குத் தெருவில் எந்தப் பலகையும் இல்லை. காதில் விழும் தமிழ் எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும் அதில் எழுத்து கிடையாது. விரலைத் தவிர எங்களுக்கு எழுத்து வந்து சேர வேறு வழி இல்லை.

அவனுக்கு நான் போனை முதலில் கொடுக்கவில்லை. மேசைமேல் கை வைக்கச் சொன்னேன். என் கையை அவன் கைமேல் வைத்து, விரலுக்கு விரல் அமுக்கினேன். வ: இடக்கை மூன்று, வலது மோதிர விரல். எ: இடது நடுவிரல், வலது மோதிர விரல். பிறகு வலது சுட்டுவிரல் மட்டும் ஒரு தட்டு, அது மெய்க்கான அறிவிப்பு. அடுத்து இடக்கை மூன்றும் ஒருமுறை, மறுபடி ஒருமுறை. மீண்டும் சுட்டுவிரல். கடைசியில் ம. “இது நீ காய்ச்சறது, கண்ணு.” அடுத்ததாக அதே வரிசை, நடுவில் மட்டும் வலக்கை மூன்றும் இரண்டு முறை. “இது பவானியில வாறது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மேசையில் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். “அப்ப வெல்லம் இடதுகைங்க, வெள்ளம் வலதுகைங்களா சார்?” என்றான். அன்று மாலை வரை மற்ற சொற்களையும் இப்படியே பிரித்துக்கொண்டிருந்தான்: கிளி, கிலி, பள்ளி, பல்லி, வாளை, வாலை. வாழை வந்தபோது இரண்டு கையும் சேர்ந்தன. ன-வுக்கு வலது நடுவிரலும் மோதிர விரலும், அதோடு இடது மோதிர விரலும் வலது சுட்டுவிரலும் சேர்ந்தால் ண என்றதும், அவனாகவே ‘மனம்’, ‘மணம்’ எழுதிக் காட்டினான். பத்தாம் வகுப்பில் அவன் தப்பாகவே எழுதிவந்த சொற்கள் அவை.

போனைக் கையில் எடுத்த பிறகு புதுச் சிரமங்கள். கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லாததால் விரல்கள் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். ஆலையில் நின்றால் கை பிசுபிசுக்கும். துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அப்பாருக்குப் பேரன் போனை மார்பில் அணைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்றே விளங்கவில்லை. அவன் அவர் பெயரை எழுதி, போனையே வாசிக்கவைத்தான். தம் பெயரைக் கேட்டதும் பெரியவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இப்போது கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறான். தேர்வு எழுதுவது இன்னொருவர் கை. இவன் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். மற்றப் பாடங்களில் அது போதும். தமிழ்த் தாளில், எழுதுபவர் போடுகிற ல-வும் ள-வும்தான் இவனுடைய மதிப்பெண். எழுத வருபவர் இவனைவிடக் கீழ் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு ற-வையும் வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்லி நேரம் போய்விடுகிறது. பார்வையற்ற மாணவர் பிரெய்லிலோ கணினியிலோ விடை எழுதலாம் என்று மத்திய அரசின் 2013 வழிகாட்டுதலும் 2018 வழிகாட்டுதலும் சொல்லியிருந்தன. போனில் இணைப்பு இருப்பதால் தேர்வறையில் அதை அனுமதிக்கத் தயங்குவார்கள், அது எனக்கும் புரிகிறது. அப்படியானால் ஆறு விசையால் எழுதக்கூடிய ஒரு கணினியை, இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவர்கள் தரட்டும். முடியாதென்றால் காட்பாடியில் செய்த அந்த உலோகப் பெட்டி ஒன்றைத் தரட்டும். அதன் மணிச்சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டால் பரவாயில்லை. இதையெல்லாம் சேர்த்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றேன். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று இரவு முதல் பக்கத்தை அனுப்பியிருக்கிறான். ஐயா என்று தொடங்கி, வழிகாட்டுதலின் ஆண்டுகளைச் சரியாகக் குறித்திருக்கிறான். எழுத்துப் பிழை தேடினேன், இல்லை. இரண்டாம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறான். திங்கள்கிழமை இருவரும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம்.