குரூஸும் எங்க பெரியப்பாவும்

எங்க ஊர் கோவில்பட்டி. கடலை மிட்டாய்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். ஹாக்கின்னு சொன்னா விஷயம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஃபுட்பால்? ம்ஹூம்! அப்பேர்ப்பட்ட ஊர்ல பிறந்த என் மொபைலைத் திறந்தா, தினமும் ஒரு ஜெர்மன்காரர் வந்து நிக்கிறார். பேரு டோனி குரூஸ்.

2014 உலகக் கோப்பை அரையிறுதியில பிரேசிலை ஜெர்மனி 7-1னு கதற விட்டுச்சே, அதுல ரெண்டு கோல் இவரோடது. 2024 ஜூலையில, 34 வயசுல, 'போதும்'னு ஒதுங்கிட்டார். ஆனா நெட்ல இன்னும் ஆடிக்கிட்டே இருக்கார்! எல்லாம் முப்பது செகண்ட் துண்டு வீடியோ. பெரும்பாலும் கோல்கூட இருக்காது. வெள்ளை ஷூ, தலையைத் தூக்கி ஒரு பார்வை, மைதானத்தோட அந்தக் கோடிக்கு ஒரு பாஸ். அவ்வளவுதான்!

'ரிட்டயர் ஆன ஆளுக்கு ஏன் இந்த மவுசு?'னு எங்க கிளாஸ்ல பட்டிமன்றமே நடந்துச்சு. என் கட்சி இதுதான். ஆடிக்கிட்டு இருக்கிறவன் அடுத்த வாரம் சொதப்பலாம். ரிட்டயர் ஆனவர் இனிமே சொதப்பவே முடியாது. அதுவும் குரூஸ், 2024 ஜூன்ல ஆறாவது தடவையா சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிட்டு, அடுத்த மாசமே கிளம்பினவர். மிச்சம் இருக்கிறது நல்ல பாஸ் மட்டும்தான்!

போன லீவுல ஊருக்குப் போனப்ப, இந்த வீடியோவைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். கண்ணாடியை மாட்டிக்கிட்டு மூணு தடவை பார்த்தார்.

"யாருலே இவன்? ஓடவே மாட்டேங்கான். பந்தைல்லா ஓட விடுதான்! நானும் இவனை மாதிரிதாம்லே, சென்டர் ஹாஃப்."

பெரியப்பா ஹாக்கி ஆடினது தெரியும். எப்படி ஆடினார்னு நான் கேட்டதே இல்லை. "உங்க ஆட்டத்துக்கு வீடியோ இருக்கா பெரியப்பா?"னு உளறிட்டேன்.

"வீடியோவா? ஒரு போட்டோ இருந்துச்சு. கரையான் அரிச்சிட்டு."

சுருக்குனு இருந்துச்சு. எங்க ஊர் மாரீஸ்வரனும், இங்கே விடுதியில தங்கிப் பயிற்சி எடுத்த கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்காக ஆடினாங்க. அந்த வீடியோ இன்னைக்கும் கிடைக்குது. ஆனா அதுக்கு முன்னாடி, மழை பேஞ்சா காலோட ஒட்டுற கரிசல் மண்ணுல ஓடி இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவங்க? தேடினா ஒரு துண்டுகூட வராது. குரூஸ் பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கலை. ஆனா அவர் போட்ட பாஸ் ஒவ்வொண்ணையும் பிடிச்சு வைக்கிறதுக்கு ஒரு கேமரா இருந்துச்சே பாஸ்!

மறுநாள் காலையில பெரியப்பாவை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மூட்டு வலியோட குனிஞ்சார். ஒரு பையன்கிட்ட ஸ்டிக்கை வாங்கி, தலையைத் தூக்கி ஒரு பார்வை... 'டக்!' தூரத்துல நின்ன பையன் நகரவே இல்லை. பந்து நேரா அவன் ஸ்டிக்குல போய் நின்னுச்சு.

வெறும் பதினாலு செகண்ட். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது பெரியப்பா மெதுவா கேட்டார்:

"ஏலே... அந்த ஜெர்மன்காரனுக்கும் அனுப்பிட்டியா?"