முதுகில் ஒரு கீறல்

எதையும் முகத்தைப் பார்த்தே மதிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் 8 சோலார் பேனல்களையும் நான் அப்படித்தான் மதித்துவந்தேன். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் செல்லைச் செய்துகாட்டியபோது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்குதான் மின்சாரமாயிற்றாம். இன்று 20 பங்குக்கு மேல். அந்தப் பெருமையில் கண்ணாடி முகத்தை வாரந்தோறும் துடைப்பேன். முதுகை எட்டிப் பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் பேனலுக்கடியில் புறா கூடு கட்டிற்று. குஞ்சுகள் பறந்த பிறகு, இரும்புக் கொக்கியால் கூட்டை இழுத்தேன். கூடு வந்தது. கூடவே 'சர்ர்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பின்தாளில் நாலு விரல் நீளத்துக்குக் கீறல். யாரிடமும் சொல்லவில்லை. 'வெயில் முன்பக்கம்தானே விழுகிறது?' என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழை அந்த நியாயத்தை ஏற்கவில்லை. காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தான். கூட, அரும்பு மீசையோடு ஒரு உதவியாள். மெக்கானிக் அடியில் குனிந்து பார்த்தான்.

"தாள்ல கீறல் சார். கண்ணாடிக்கும் இந்தத் தாளுக்கும் நடுவுலதான் செல்லெல்லாம் பதிஞ்சிருக்கு. ஈரம் உள்ளே போனா இணைப்பெல்லாம் அரிச்சிடும். எட்டும் தொடரா சேர்ந்தா 300 வோல்ட் வரும். ஃபிரேம்ல கசிஞ்சா, தொட்டவங்க கதி?"

என் மனைவி தினம் துணி உலர்த்துவது அந்தச் சட்டத்தின் பக்கத்தில்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"போன மாசம் கழுவ வந்தப்ப இவன்தான் ஏணியை இடிச்சிருப்பான். சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை, மறுத்துப் பழக்கமில்லை போலும். என் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் இருக்கும். வாசகர்களே, அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது.

"அவனை ஒண்ணும் சொல்லாதேப்பா. கீறினது நான்தான்."

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரை நிறுத்தினான். டி.சி. சுவிட்சை அணைத்த பிறகே இணைப்புகளைக் கழற்றினான். அப்படியும் வெயிலில் பேனலுக்கு உயிர் இருக்கும் என்று கம்பளியைப் போர்த்தினான். கீறல் செல் வரை போகவில்லை. போயிருந்தால் ஒட்டு உதவாது, பேனலையே மாற்ற வேண்டுமாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இதற்கென்றே உள்ள நாடாவைக் கீறலுக்கு நாற்புறமும் ஓர் அங்குலம் தாண்டி ஒட்டினான்.

"வீட்டுல ஒரு சிலிக்கோன் பசை இருக்கே?" என்றேன்.

மோந்து பார்த்தான். "காடி வாசனை அடிக்குது. இது உலோகத்தை அரிக்கும் சார். மேலே அடைச்ச மாதிரி இருக்கும், உள்ளே தின்னுக்கிட்டே இருக்கும்."

என் நாலு மாத மௌனத்துக்கும் அதே வாசனைதான் என்று தோன்றியது.

நாடாவில் காற்றுக்குமிழி நிற்காமல் கட்டைவிரலால் நீவிவிட்டவன் அந்தப் பையன்தான். மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், கசிவில்லை. ஆனாலும் மழைக்கு மழை பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

புறா மறுபடி வந்துவிட்டது. இப்போது கையில் தென்னந்துடைப்பத்தோடு, முதலில் முதுகைப் பார்க்கிறேன்.