ஒண்ணா? தனித்தனியா?

பொண்ணு பி.ஆர்க் சேரப்போறா. கம்ப்யூட்டர் வாங்கணும். "ஆல் இன் ஒன் வாங்குங்கப்பா, ஒயர் தொல்லையே இல்ல"ங்கறா. அழகுதான், மறுக்கல. 1998-ல் முதல் ஐமேக் வந்தபோதே அந்த அழகில் மயங்கினவன் நான்.

ஆனா மக்களே, 2021-ல் வந்த 24 அங்குல ஐமேக்கில் ராம், சிப்போடவே சேர்ந்து வருது. வாங்கினப்புறம் கூட்ட முடியாது. உள்ளே மதர்போர்டு போச்சுன்னா, நல்லா இருக்கிற திரையும் சேர்ந்து முடங்கும். தனித்தனியா வாங்கினா எஸ்எம்பிஎஸ் போனா அதை மட்டும் மாத்திக்கலாம். மானிட்டர் அடுத்த சிபியுவுக்கும் உழைக்கும்.

அஞ்சு வருஷப் படிப்பு. ஃபீஸ் கட்டற சம்பளத்துல நடுவில் இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால அசெம்பிள்டுதான்! ஒயர் தொங்கினா என்ன, கட்டி வைக்க நாலு டேக் போதாதா :-)