வாத்தியார் எங்கிருந்து வந்தார்?

போன வருஷம் ஆடி மாதம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என் பெண் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, சனி ஞாயிறுல நடிப்பு வகுப்புல சேரட்டுமா?"

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறவள். இவளா இப்படிக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டார். என் மாமியார்தான் வாயைத் திறந்தார். "நம்ம குடும்பத்துல யாரும் கூத்தாடப் போனதில்லே!"

இவர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். 19 வயதிலிருந்து உழைக்கிறவர். நடிப்பு என்பது வேலைவெட்டி இல்லாதவர்கள் சமாசாரம் என்பது அவருடைய எண்ணம். என்னிடம் சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் இருந்தது. பெண்ணுக்குக் கம்மல் வாங்க வைத்திருந்தேன். "கம்மல் வேணாம்மா, இதைக் கட்டு" என்று அவள் கெஞ்சினாள். சரி, விசாரிப்பதில் என்ன தப்பு என்று இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் போன இடம் ஏ.சி. அறை. சுவர் முழுக்க நட்சத்திரங்களின் படங்கள். 3 மாதத்துக்கு 75,000 ரூபாய். போட்டோ எடுக்கத் தனிப் பணம்.

"சொல்லிக்கொடுக்கிறது யாருங்க?" என்று கேட்டேன்.

"பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டெல்லாம் வருவாங்க மேடம். சான்ஸ் நாங்களே வாங்கித் தந்துடுவோம்."

ஒரு பெயர் கூட வாயில் வரவில்லை. சமையலுக்கு ஆள் வைத்தால்கூட முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கிறோமே! பெண்ணை ஒப்படைக்கிற இடத்தில் கேட்க வேண்டாமா? வந்த வழியே திரும்பிவிட்டோம்.

என் பெரியப்பா அந்தக் காலத்தில் சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் போட்டவர். அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"நடிச்சுப் பொழைக்கிறவன்கிட்ட அனுப்பு. அவன் எங்கேருந்து வந்தான்னு முதல்ல கேளு. அந்தக் காலத்துலயும் வாத்தியாருங்க அப்படி வந்தவங்கதான்."

அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் நிறைய. நாடகத் தமிழின் தந்தை என்று போற்றப்படுகிற சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். பிறகு நாடகத்துக்கு வந்து எமன் போன்ற வேஷங்களைக் கட்டினார். வேஷத்தை விட்டபின் நாடகம் எழுதி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பழக்குகிற ஆசிரியரானார். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய பாலசபையில் சேர்ந்த பிள்ளைகளில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு. 'சபாபதி' (1941) படத்தில் வேலைக்காரனாக வந்து சிரிக்க வைத்த காளி என். ரத்தினம் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியார். சிறு வயது எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். தாமும் நடித்துக்கொண்டு பிள்ளைகளையும் பழக்குவது நம் ஊருக்குப் புதிதே அல்ல.

வடக்கேயும் இதே கதைதான். அனுபம் கேர் சிம்லாவில் வனத்துறை குமாஸ்தாவின் பிள்ளை. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துவிட்டு, 28 வயதில் 'சாரான்ஷ்' (1984) படத்தில் மகனைப் பறிகொடுத்த கிழவராக நடித்தார். 2005-ல் மும்பையில் நடிப்புப் பள்ளி தொடங்கினார்.

பெரியப்பா விசாரித்துச் சொன்ன இடம் விருகம்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி. மேலே தகரக் கூரை, கீழே கோரைப் பாய். வாத்தியாரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அட, சீரியலில் இன்ஸ்பெக்டராக வருகிறவர்! கூடவே ஓர் அம்மாள். தெருமுனை நாடகங்களில் நடித்தவர், அதற்குமுன் பால்வாடி ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் அவர்தான் தருகிறார்.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "தப்பா நினைக்காதீங்க சார். நீங்க இதுக்கு எப்படி வந்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதாம்மா" என்று உட்காரச் சொன்னார். ஊர் செய்யாறு பக்கம். அப்பா கூலி வேலை. சென்னைக்கு வந்து 6 வருஷம் ஜெராக்ஸ் கடையில் நின்றாராம். காலையில் நாடகப் பயிற்சி, மதியத்திலிருந்து கடை. கூத்துப்பட்டறை வழியில் வந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டவர்.

"மாசத்துல 8 நாள் ஷூட்டிங் இருந்தா அது நல்ல மாசம்மா. வகுப்பு எடுக்கலேன்னா வாடகை கட்ட முடியாது. சான்ஸ் வாங்கித் தர்றேன்னு சொல்ல மாட்டேன், எனக்கே நான் தேடிக்கிட்டிருக்கேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதை ஒளிக்காம சொல்லித் தருவேன்."

மாதம் 3,000 ரூபாய். அம்மாக்கள் வேண்டுமானால் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு அந்தப் பேச்சே போதும் என்று தோன்றியது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்கவில்லை. நானும் விடவில்லை. "கூத்துப்பட்டறைன்னு ஒண்ணு. ந. முத்துசாமின்னு எழுத்தாளர் 1977-ல ஆரம்பிச்சது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் மாதிரி தெருக்கூத்து வாத்தியாருங்ககிட்டயும் அங்கே கத்துக்கிட்டாங்களாம். பசுபதி, கலைராணி எல்லாரும் அங்கே பழகினவங்கதான். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதத்தான் முதல்ல சேர்ந்தாராம்."

பேப்பர் இறங்கியது. "கணக்கா எழுதினான்?"

"ஆமா. சங்கரதாஸ் சுவாமிகளும் கணக்குப் பிள்ளையாத்தான் இருந்தாராம். இந்த வாத்தியார் 6 வருஷம் ஜெராக்ஸ் கடையில நின்னவர்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "உழைச்சவன்கிட்ட படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடியும் தூக்கிக்கொண்டார். அவ்வளவுதான். எனக்கு அது போதாதா!

முதல் மாதம் நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் நின்ற வாத்தியாருக்குக் கடைதான் பாடம். "சர்டிபிகேட் காப்பி எடுக்க வர்ற பையன் எப்படி நிப்பான்? ஆஸ்பத்திரி பில்லைக் காப்பி எடுக்க வர்றவர் எப்படி நிப்பார்?" என்று கேட்டு இரண்டு பேராகவும் நின்று காட்டுவார். பால்வாடி அம்மாளோ தொண்டை கட்டாமல் வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசப் பழக்குவார். அவரவர் வாழ்ந்த வாழ்க்கைதான் பாடமாகிறது என்று அப்போது புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் உட்டா ஹேகன் என்ற நடிகையைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனியில் 1919-ல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். மேடை நடிப்புக்கு டோனி விருது வாங்கியவர். நியூயார்க்கில் கணவரின் நடிப்புப் பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தினார். மேடையில் பேர் வாங்கிய பிறகும் வகுப்பை விடவில்லை. அவர் தந்த பயிற்சி ஒன்று மிகச் சாதாரணம். வீட்டில் தனியாக இருக்கும்போது செய்கிற ஒரு வேலையை, நிஜமான சாமான்களோடு 2 நிமிஷம் அப்படியே செய்துகாட்ட வேண்டும்.

"அடுத்த வாரம் நீங்க செய்யணும். உங்களையே காட்டலாம், வீட்டுல பார்த்த ஒருத்தரையும் காட்டலாம்" என்றார்.

அடுத்த வாரம் என் பெண் ஓர் இட்லிப் பாத்திரத்தோடு வந்தாள். பாயிலிருந்து எழுந்தாள். எழும்போது ஒரு கையால் முழங்காலை அழுத்தி, மறு கையால் சுவரைப் பிடித்தாள். காஸ் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பாத்திரத்தைத் திறந்து எண்ணினாள். 3 இட்லி. ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனவள், வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்து மூடினாள். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அது நான்தான். இவர் கடையிலிருந்து நேரம் கழித்து வருகிற ராத்திரிகள் அவை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலியை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்மா." போனோம். எக்ஸ்ரே எடுத்து, மூட்டுத் தேய்மானம் ஆரம்பம் என்றார். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், வேளா வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். இப்போது இட்லி மாவு அரைப்பது பெண்ணின் வேலை. ராத்திரி என் தட்டில் இட்லியை வைக்கிறவளும் அவள்தான்.

அவள் நடிகையாவாளா, எனக்குத் தெரியாது. கல்லூரியில் மேடை ஏறிப் பேசுகிறாள். யார் வந்தாலும் உள்ளறைக்கு ஓடுவதில்லை. கம்மல் இன்னும் வாங்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் இப்படிக் கேட்கலாம். உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சுவரிலுள்ள படத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். சொல்லிக்கொடுப்பவர் யார், யாரிடம் கற்றார், இன்றும் நடிக்கிறாரா, எதை வைத்துப் பிழைக்கிறார், வகுப்பில் பெற்றோர் உட்காரலாமா என்று நேராகக் கேளுங்கள். உழைத்து வந்தவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். உட்காரச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வார்.