முப்பத்திரண்டு இடங்கள்

யமஹா கம்பெனி 1983-இல் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்ற சிந்தஸைசரில் ஒவ்வொரு ஒலிக்கும் 'குரல்' என்று பெயர். நம் வாசகனுக்கு இந்தச் சொல் வேறொரு இடத்தில் பழக்கமானது. 'எழுத்து'வில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளை எடுத்து சி.சு. செல்லப்பா 1962-இல் தொகுத்த நூலுக்கு 'புதுக்குரல்கள்' என்று பெயர். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது என்று தள்ளிவிடலாம். மூன்று வருஷமாக என்னால் அப்படித் தள்ள முடியவில்லை.

கருவியின் உள் நினைவில் 32 குரல்களுக்கு இடம். ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக்குள் ஒரு பெயர். கம்பெனிக்காக இவற்றை உருவாக்கியவர்களில் முக்கியமான இருவர் டேவிட் பிரிஸ்டோ, கேரி லூயன்பெர்கர். அவர்கள் தந்த வரிசை இனவாரியானது. முதலில் பித்தளை வாத்தியங்கள், பிறகு தந்திகள், பியானோக்கள், 11-இல் எலெக்ட்ரிக் பியானோ, 23-இல் ஜப்பானியரின் கோட்டோ, 26-இல் குழாய் மணி. கடைசி இரண்டு ரயிலும் விமானம் கிளம்பும் சத்தமும். கோட்டோ உண்டு, வீணை இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொகுப்பவன் தன் காது எட்டும் தூரம்வரைதான் தொகுப்பான். ஆனால் அந்தப் 11-ஆம் குரல் எண்பதுகளில் உலகம் முழுவதும் ஒரே பியானோவாக ஒலித்தது. நம் புதுக்கவிதையில் விடியலும் சூரியனும் ஒரு காலத்தில் பெற்றிருந்த அந்தஸ்து அது. பொத்தானை அமுக்கினால் போதும், உணர்ச்சி தயார்.

புதிய குரல் செய்வது சுலபம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு அலை இன்னொரு அலையை வேகமாக அசைத்தால் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டார். இரண்டு அலைகளின் விகிதம் முழு எண்ணானால் சுருதி சேர்ந்த ஒலி. முழு எண்ணாக இல்லாவிட்டால் மணி, உலோகம். இந்தக் கருவியில் அப்படி ஆறு அலைகள், அவற்றை இணைக்க 32 விதங்கள். ஒரு குரலுக்கு நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட எண்கள். அவற்றை ஒரு சிறிய திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பார்க்கலாம். பெரும்பாலோர் கம்பெனி கொடுத்ததோடு நின்றுவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

நான் வாங்கிய கருவி இந்த ஊரிலேயே கிடைத்தது. மெல்லிசைக் கச்சேரிகளிலும், ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும் பனிமய மாதா திருவிழாவிலும் வாசித்து, இறந்துபோன ஒருவருடையது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு அவர் மனைவி சொன்னார்: "அவர் வச்ச சத்தத்தை மட்டும் அழிச்சிராதீங்க சார்." பேங்கில் வேலை செய்பவனுக்கு, கைமாறும் பொருளோடு வரும் நிபந்தனைகள் புதிதல்ல. இது எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாத நிபந்தனை.

உள்ளே 27 குரல்கள் அவருடையவை, ஐந்து கம்பெனியுடையவை. ரயிலும் விமானமும் போயிருந்தன. 11-ஆம் பியானோ தன் இடத்திலேயே இருந்தது. கச்சேரியில் கேட்கிறார்கள், வேண்டும். 26-இல் குழாய் மணி இருந்தது, கோவிலுக்கு வேண்டும். 23-இல் இருந்த கோட்டோவை அவர் அழிக்கவில்லை, திருத்தியிருந்தார். மீட்டும் கணத்தின் கூர்மையை மழுக்கி, நாதம் அடங்கும் நேரத்தை நீட்டி, ஆங்கில எழுத்தில் 'வீணை' என்று பெயர் வைத்திருந்தார். மேல் ஸ்தாயியில் கோட்டோவின் எலும்பு இன்னும் தெரியும். அது வீணை ஆகிவிடவில்லை, கோட்டோவாகவும் இல்லை. அந்த 27-இல் எனக்கு மிக நெருக்கமானது அதுதான்.

அவருடைய வரிசை வெகுநாள் புரியவில்லை. தந்திக்குப் பக்கத்தில் புல்லாங்குழல், அதற்குப் பக்கத்தில் ஒரு பேஸ். இனமும் இல்லை, அகரவரிசையும் இல்லை. பழைய சினிமாப் பாடல்களை வாசித்துப் பழகிய பிறகே விளங்கியது. பொத்தான்கள் பதினாறு பதினாறாக இரண்டு வரிசை. மேல் வரிசை மேடைக்கு, கீழ் வரிசை கோவிலுக்கு. பாட்டின் இடையிசையில் எது முடிந்து எது வருமோ அது பக்கத்தில். விரல் தேடக் கூடாது. பட்டியலாகப் படித்தால் குழப்பம், வாசித்தால் ஒழுங்கு.

இந்த ஊரில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். நான் பார்த்ததில்லை. வளைகுடாவின் அக்கரையில், இலங்கைப் பக்கத்துக் குளிப்புகளில், முத்துகளைத் தரம் பிரித்த முறை பற்றிப் பழைய குறிப்புகள் உண்டு. பத்து சல்லடைகள். துளைகளின் எண்ணிக்கை 20, 30, 50 என்று ஏறி 1000 வரை போகும். எது எதில் தங்குகிறது என்பதைக் கொண்டு அளவு தெரிந்துவிடும். அதன் பிறகுதான் அசல் வேலை. உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி என்று தொடங்கித் தூள் வரை வகுப்பது. அதற்குச் சல்லடை கிடையாது, கண்தான். கம்பெனியின் வரிசை சல்லடை செய்த வேலை. இறந்தவருடையது கண் செய்த வேலை. நம் தொகுப்புகளில் பலவும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதை இங்கே விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இனி அழிப்பது பற்றி. உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பாட்டரிதான் இந்தக் குரல்களைக் காப்பாற்றுகிறது. அது ஓய்ந்தால் 32-ம் போகும். எனவே முதல் வேலையாக மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்கு இறக்கினேன். எல்லாமாக 4104 பைட். நம் பத்திரிகையின் ஒரு பக்கத்துக்கு ஆகிற இடம்கூட இல்லை. "அதான் பத்திரமா இருக்கே, அப்புறம் அழிக்க என்ன தயக்கம்?" என்றார் ஒரு நண்பர். லாக்கரில் இருக்கும் நகையும் கழுத்தில் கிடக்கும் நகையும் ஒன்றல்ல. கோப்பில் இருக்கும் குரலை யாரும் வாசிப்பதில்லை. விரலுக்கு எட்டும் 32 இடங்களில் எது இருக்கிறது என்பதுதான் மதிப்பீடு. இடம் எல்லையற்றதாக இருந்தால் யாரும் எதையும் விலக்க வேண்டாம், விமர்சனமும் வேண்டாம்.

காப்புப் பொத்தானை விலக்கி, 'ஸ்டோர்' பொத்தானைப் பிடித்துக்கொண்டு எண்ணை அமுக்கினால், அங்கே இருந்தது சுவடில்லாமல் போய்விடும். எட்டு இடங்களில் அதைச் செய்தேன். இரண்டு கம்பெனியுடையவை. ஆறு அவருடையவை. ஆறில் நான்கு, கம்பெனிக் குரலைச் சற்றே அசைத்து விட்டவை. இரண்டு, அந்தந்த வருஷத்துச் சினிமாப் பாட்டின் ஒரே ஒரு விசேஷ சத்தத்துக்காகச் செய்தவை. பாட்டு மறைந்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. அந்த இடங்களில் என்னுடையவை வந்தன. ஒன்று சங்கின் ஒலியை நோக்கிப் போய்ப் பாதியில் நிற்கிறது.

அந்த அம்மாவின் சொல்லை மீறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவர் கணவர் 27 குரல்களை அகற்றித்தான் தன் குரல்களுக்கு இடம் செய்தார். அவருடையவை அனைத்தையும் தொடாமல் வைத்துப் பூஜித்தால், அவர் எனக்கு இன்னொரு கம்பெனி ஆகிவிடுவார். அவர் செய்ததைத் தொடர்வது என்றால் அவர் செய்ததையே அவருக்கும் செய்வது. முன்னோடிகள் விஷயத்தில் இதைச் சொல்ல நமக்குத் தைரியம் வந்த அளவுக்குச் செய்யப் பொறுமை வரவில்லை. விலக்குமுன் ஒவ்வொன்றையும் அதற்குரிய பாட்டில் வாசித்துப் பார்க்கவேண்டும். எனக்கு ஆறு குரலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இன்றைய இருப்பு: அவருடையவை 21, கம்பெனியுடையவை 3, என்னுடையவை 8. 23-ஆம் எண்ணில் கை வைக்கவில்லை.